ஸ்கோர் ஷீட்டில் இல்லாத 11-ம் நம்பர்

இந்த வாரம் குச்சிக்கிழங்கு பிடுங்குறதைப் பத்தி எழுதறதாச் சொல்லியிருந்தேன் (நீங்க மரவள்ளின்னு சொல்லுவீங்க). அது அடுத்த வாரம். இப்ப எங்க வீட்டுல பத்து நாளாப் பேச்சா இருந்த ஒரு விஷயத்தை எழுதிடறேன். விஷயம் கூடைப்பந்து. கோமுகி அணைக்குக் கீழ கரும்பும் மக்காச்சோளமும் போடறவனுக்குக் கூடைப்பந்துல என்ன வேலைன்னு கேப்பீங்க. சில வருஷம் முன்னாடி வரைக்கும் எனக்கும் அதுல ஒரு வேலையும் இல்லாமத்தான் இருந்துச்சு.

தம்பி பொண்ணு சேலத்துல ஒரு காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்குது. பள்ளிக்கூடத்துல பி.டி. சார் பழக்கிவிட்ட ஆட்டம், காலேஜ் டீம்ல இடம் வாங்கிக் குடுத்துருச்சு. 7-ம் நம்பர் பனியன். ஆடி மாசம் பிராக்டீஸ் ஆரம்பிச்சா மாசி வரைக்கும் ஏதாவது ஒரு ஊர்ல மேட்ச். அறுப்பு முடிஞ்சு களத்தைக் கூட்டுற மாதிரி, சீசன் முடிஞ்சதும் அவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அந்த வருஷத்தோட 'மோஸ்ட் வேல்யுபிள் பிளேயர்' யாருன்னு தேர்ந்தெடுக்கணும். சுருக்கமா எம்.வி.பி.ன்னு சொல்றாங்க. நம்ம பக்கம் அதைச் 'சிறந்த ஆட்டக்காரர்'னு ஷீல்டுல அடிச்சுடறோம். ஆனா சிறந்தங்கறது வேற, மதிப்புங்கறது வேற. இந்தப் பத்து நாள் பேச்சு அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஓடுச்சு.

அவங்க டீம்ல வழக்கம் என்னன்னா, 12 பேருக்கும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. ஒரு பேர் எழுதணும். தன் பேரைத் தானே எழுதக்கூடாது. கோச் எண்ணிப் பாத்து ஒரு பேரை மட்டும் வாசிப்பாரு. யாருக்கு எத்தனை ஓட்டுன்னு சொல்றதில்ல. ஓட்டு சமமா வந்தா மட்டும் கோச் முடிவு பண்ணுவாரு.

இது வெறும் ஷீல்டோட போற சமாச்சாரமா இருந்தா நான் இவ்வளவு எழுத மாட்டேன். அந்தக் காலேஜ்ல முன்னாடி விளையாடின ஒருத்தர், எம்.வி.பி. ஆகுற பொண்ணுக்கு அடுத்த ஒரு வருஷத்து ஹாஸ்டல், மெஸ் பணம் முழுசும் கட்டறாரு. 52,000 ரூபாய். எங்க வீட்டுல அந்தப் பணத்தை நானும் தம்பியும் பாதிப்பாதி போட்டுக் கட்டறோம். இந்த வருஷம் மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்து, மூணு தடவை மருந்து அடிச்சும் கதிர் பாதிதான் தேறுச்சு. அதனால அந்த 52,000 எங்க கண்ணுக்கு எவ்வளவு பெரிசாத் தெரிஞ்சிருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க.

பேச்சுல இருந்தது மூணு நம்பர்.

4-ம் நம்பர் கேப்டன். கடைசி வருஷம். நல்லாவும் ஆடும், எல்லாருக்கும் வேண்டிய பொண்ணு. ஆனா காலேஜை விட்டுப் போகப்போறதால ஹாஸ்டல் பணம் அதுக்குப் பிரயோசனம் இல்ல. அதுவே, எனக்கு யாரும் எழுதாதீங்கடின்னு சொல்லிருச்சாம்.

7-ம் நம்பர் எங்க பாப்பா. இந்த சீசன்ல டீம்லயே அதிக பாயிண்ட். ஒரு மேட்சுக்கு 18, 20ன்னு போடும்.

11-ம் நம்பர் கல்வராயன் மலைப் பொண்ணு. வெள்ளிமலைக்கும் அந்தாண்ட ஒரு ஊர். எங்க ஊர்ல இருந்து பாத்தா தெரியற மலைதான். கச்சிராயபாளையம் தாண்டி மேல ஏறுனா சாமையும் குச்சிக்கிழங்கும் போட்டிருப்பாங்க. அந்த சனங்களுக்கு மலையாளின்னு பேரு. கேரளாக்காரங்கன்னு நினைச்சுடாதீங்க. மலையை ஆளுறவங்கன்னு அர்த்தம் சொல்லுவாங்க, அவங்க பேசறதும் தமிழ்தான். அந்தப் பொண்ணு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில படிச்சது. அங்க ஆடினதெல்லாம் கோகோவும் வாலிபாலும்தான். கூடைப்பந்தைக் கையில தொட்டதே காலேஜ் முதல் வருஷத்துல. அதனால தூரத்துல இருந்து பந்து போடறது இன்னும் சரியா வராது. ஒரு மேட்சுக்கு நாலு பாயிண்ட் போட்டா பெரிசு.

நாலு பாயிண்ட் போடற பொண்ணு பேரு எப்படி இந்தப் பேச்சுல வந்துச்சு? அதுக்கு ஸ்கோர் ஷீட் எப்படி இருக்கும்னு தெரியணும். நான் பாப்பா போன்ல அனுப்பின ஷீட்டைப் பாத்தேன். உலக கூடைப்பந்து சங்கம் வகுத்த ஷீட், எல்லா ஊர்லயும் அதே மாதிரிதான். அதுல யார் எத்தனை பாயிண்ட் போட்டாங்கன்னு இருக்கும். யார் எத்தனை பவுல் பண்ணாங்கன்னு ஆளுக்கு அஞ்சு கட்டம் இருக்கும். அஞ்சும் நிரம்புனா வெளியே போயிடணும். டைம் அவுட் எத்தனைன்னு இருக்கும். அவ்வளவுதான். யார் பந்தைப் பிடிச்சா, யார் எடுத்துக் குடுத்தா, யார் வழிமறிச்சு நின்னா, எதுவும் கிடையாது. டிவியில வர்ற பெரிய மேட்சுக்கு அதையெல்லாம் எண்ணத் தனி ஆள் வச்சிருப்பாங்க. நம்ம காலேஜ் மேட்சுல ஷீட் எழுத ஆள் கிடைச்சாலே பெரிசு.

அந்த ஷீட்ல 11-ம் நம்பரைத் தேடுனா பாயிண்ட் பக்கத்துல அங்கொண்ணு இங்கொண்ணுதான் இருக்கு. பவுல் கட்டத்துல மட்டும் ஒவ்வொரு மேட்சுலயும் மூணு, நாலுன்னு இருக்கு. மேட்சைப் பாக்காம ஷீட்டை மட்டும் பாக்குறவங்களுக்கு அது தப்பு மட்டுமே பண்ற பொண்ணு.

ஆட்டத்துல அது பண்ற வேலைக்கு ரெண்டு பேரு சொல்றாங்க. ஒண்ணு ஸ்கிரீன். மாரியம்மன் தேர்க்கூட்டத்துல அப்பன் குறுக்க நின்னு, புள்ளைய முன்னால போக விடுவான் பாருங்க, அது மாதிரி. எதிராளி பாப்பாவைத் துரத்திக்கிட்டு வரும். 11-ம் நம்பர் அதோட பாதையில போய் அசையாம நிக்கும். வர்ற பொண்ணு அது மேல வந்து இடிக்கும். அந்த ஒரு விநாடியில பாப்பாவுக்குக் கை ஓய்வாகும், பந்து கூடைக்குப் போகும். ஷீட்ல பாப்பாவுக்கு ரெண்டு பாயிண்ட். இடி வாங்குன பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல. நிக்கிறதுல கொஞ்சம் அசைஞ்சுட்டா அதுக்குத்தான் பவுல்.

இன்னொண்ணு பாக்ஸ் அவுட். கூடையில விழாம திரும்பி வர்ற பந்தை எதிராளி எடுக்க விடாம, முதுகைக் குடுத்துத் தள்ளி நிறுத்துறது. தள்ளி நிறுத்துறது 11, குதிச்சு எடுக்கறது 4 இல்லன்னா 9. பந்தை எடுத்தவங்களுக்குத்தான் கைதட்டு.

இடையில ஒரு தடவை அந்தப் பொண்ணோட தாத்தா இறந்துட்டாரு. காரியம் முடியற வரைக்கும் மலையிலதான் இருந்துச்சு, ரெண்டு மேட்சுக்கு வர முடியல. அந்த ரெண்டுல ஒண்ணு தோத்தாங்க. இன்னொண்ணு ரெண்டு பாயிண்ட்ல தப்பிச்சாங்க. பாப்பா போட்டது ஒண்ணுல 7, ஒண்ணுல 9. கை வலியான்னு நான் அப்பவே போன்ல கேட்டேன். "கை நல்லாத்தான் இருக்கு பெரியப்பா, நிக்க இடம் கிடைக்கல"ன்னு சொல்லுச்சு.

சீட்டு எழுதறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி பாப்பா போன் பண்ணுச்சு.

"பெரியப்பா, ஒண்ணு கேக்கணும். அப்பாகிட்ட இப்போதைக்குச் சொல்லாதீங்க."

"சொல்லு பாப்பா."

"எனக்கு அஞ்சாறு பேர் எழுதுவாங்க. 11-க்கும் அஞ்சாறு பேர் எழுதுவாங்க. நான் யாருக்கு எழுதறதுன்னு தெரியல."

"உன் மனசுல யாரு?"

"அவதான். ஆனா நான் அவளுக்கு எழுதுனா எனக்கு வர்றது போயிடும்ல? கேப்டனுக்கு எழுதிட்டா ஒருத்தரும் தப்பு சொல்ல மாட்டாங்க. கேப்டனும் நல்லாத்தானே ஆடுனா?"

இதுதான் சிக்கல். தன் பேரை எழுத முடியாது. போட்டியில இருக்குற இன்னொருத்திக்கு எழுதுனா வீட்டுக்கு வர்ற 52,000 ரூபாய் கை மாறலாம். வேண்டாம்னு சொன்ன கேப்டன் பேரை எழுதுனா அது பாக்க மரியாதையா இருக்கும், ஆனா எதுக்கு எழுதுனோம்னு எழுதுனவளுக்கு மட்டும் தெரியும். ஊராட்சித் தேர்தல்ல நாம எத்தனை தடவை பாத்திருக்கோம், ஜெயிக்கக் கூடாதவனைத் தோக்கடிக்க மூணாவது ஆளுக்குப் போடற ஓட்டு!

நான் உடனே ஒண்ணும் சொல்லல. "நம்ம வீட்டுப் பணமும் இதுல இருக்கு பாப்பா. அதனால நான் எது சொன்னாலும் நீ பாதி தள்ளித்தான் எடுத்துக்கணும். ஒரு நாள் குடு, யோசிச்சுச் சொல்றேன்"னேன்.

அன்னிக்கு ராத்திரி கரும்புக்குத் தண்ணி கட்டப் போனேன். மோட்டார் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எனக்கு ஞாபகம் வந்தது கபடி. எங்க ஊர்ப் பக்கம் பொங்கலுக்கு ஆரம்பிச்சு சித்திரை வரைக்கும் ஊருக்கு ஊர் கபடிப் போட்டி நடக்கும். என் தம்பி எங்க ஊர் டீம்ல இடது கார்னர். பாடிவர்ற ஆளோட கணுக்காலைப் பிடிக்கறதுதான் கார்னர்காரன் வேலை. முட்டியில அவனுக்கு இன்னிக்கும் தழும்பு இருக்கு. எங்க ஊர் கிளப்புல இருக்குற 'சிறந்த ஆட்டக்காரர்' ஷீல்டு அத்தனையிலயும் பாடிப் போறவன் பேருதான் இருக்கு. தம்பி பேரு ஒண்ணுலயும் இல்ல. அவன் அதைப் பத்தி ஒரு நாளும் பேசினதும் இல்ல.

புரோ கபடியிலயும் பெரும்பாலும் அதே கதைதான். 2017 சீசன்ல பாட்னா அணியோட பர்தீப் நர்வால் ரெய்டுல மட்டும் 369 பாயிண்ட் எடுத்தாரு, அந்த சீசன் எம்.வி.பி. அவர்தான். அதுல யாருக்கும் மறுப்பு இருக்காது, அப்படி ஒரு ஆட்டம். ஆனா அதே பாட்னா அணி அதுக்கு முந்தின வருஷம் கோப்பை வாங்கினப்ப கேப்டனா இருந்தவர் நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன். கார்னர்காரர். 2016 உலகக் கோப்பை ஜெயிச்ச இந்திய அணியிலயும் இருந்தாரு. ரைடர் பேரு சொல்ற அளவுக்கு அவர் பேரை நம்ம பசங்க சொல்றதில்ல. பிடியில இன்னொரு கணக்கும் இருக்கு. சங்கிலியாக் கை கோத்து நாலு பேர் அமுக்குனாலும், பிடிச்ச பாயிண்ட் ஒருத்தர் பேர்லதான் ஏறும்.

மறுநாள் பாப்பாவே ஒரு விஷயம் அனுப்புச்சு. அவங்க கோச் சொன்னதாம். நானும் போன்ல தேடிப் படிச்சுப் பாத்தேன். அமெரிக்காவுல என்.பி.ஏ.ன்னு பெரிய கூடைப்பந்து லீக் இருக்கே, அதுல 1961-62 சீசன். வில்ட் சேம்பர்லின்னு ஒருத்தர், ஏழடிக்கு மேல உயரம். அந்த சீசன் முழுக்க சராசரியா மேட்சுக்கு 50.4 பாயிண்ட் போட்டாரு. 1962 மார்ச் 2-ம் தேதி ஒரே மேட்சுல 100 பாயிண்ட். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் அந்த 100-ஐத் தொடல. அதே சீசன்ல ஆஸ்கர் ராபர்ட்சன்னு இன்னொருத்தர். பாயிண்ட், திரும்பி வர்ற பந்தைப் பிடிக்கறது, எடுத்துக் குடுக்கறதுன்னு மூணுலயும் சராசரி பத்துக்கு மேல.

அந்த வருஷம் எம்.வி.பி. இந்த ரெண்டு பேரும் இல்ல. பாஸ்டன் அணியோட பில் ரஸ்ஸல். அவர் சராசரி 19 பாயிண்ட்கூட இல்ல. எதிராளி போடற பந்தைத் தடுக்கறதும், திரும்பி வர்றதைப் பிடிக்கறதும்தான் அவர் வேலை. அந்த சீசன்ல அவர் அணி 80 மேட்சுல 60 ஜெயிச்சுச்சு.

இதுல என்னை நிறுத்தின விஷயம், ஓட்டுப் போட்டது யாருங்கறது. அந்தக் காலத்துல எம்.வி.பி.க்கு ஓட்டுப் போட்டவங்க ஆட்டக்காரங்களே. பத்திரிகைக்காரங்க அதே வருஷம் லீக்கோட சிறந்த அஞ்சு பேரைத் தேர்ந்தெடுத்தப்ப ரஸ்ஸல் இருக்கற இடத்துக்குச் சேம்பர்லினைத்தான் போட்டாங்க. மேல உக்காந்து பாத்தவங்களுக்கு 50 பாயிண்ட் தெரிஞ்சுது. கீழ நின்னு இடிபட்டவங்களுக்கு யாரைத் தாண்டிப் போக முடியலன்னு தெரிஞ்சுது. 1980-க்கு அப்புறம் அந்த ஓட்டுப் பத்திரிகைக்காரங்க கைக்குப் போயிருச்சு.

ரஸ்ஸல் 13 சீசன் ஆடி 11 தடவை சாம்பியன் ஆனவர். இறுதிப் போட்டிக்குன்னு தனியா எம்.வி.பி. குடுக்க ஆரம்பிச்சது 1969-ல, அவரோட கடைசி வருஷம். அந்தத் தடவையும் பாஸ்டன்தான் கோப்பை வாங்குச்சு. ஆனா விருது தோத்த அணியில ஆடின ஜெர்ரி வெஸ்ட்டுக்குப் போச்சு. கடைசி மேட்சுல மட்டும் 42 பாயிண்ட் போட்டவர் அவர். தோத்த பக்கத்து ஆள் அதை வாங்கினது அந்த ஒரு தடவைதான். 2009-ல அந்த விருதுக்கே பில் ரஸ்ஸல் பேரை வச்சாங்க. தன் பேர்ல இருக்குற விருதை அவர் ஒரு தடவைகூட வாங்கினதில்ல.

இதையெல்லாம் படிச்சப்ப எங்க கரும்பு வெட்டு செட்டு ஞாபகத்துக்கு வந்துச்சு. ஆலையில இருந்து கட்டிங் ஆர்டர் வந்ததும் மேஸ்திரி ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வருவாரு. ஒருத்தன் அடிக்கரும்பை வெட்டித் தள்ளுவான். ஒருத்தி சோகை உரிப்பா. ஒருத்தர் கட்டுக் கட்டுவாரு, ஒருத்தன் தலையில தூக்கி லாரிக்குப் பலகையில ஏறுவான். கூலி டன்னுக்கு இவ்வளவுன்னு மொத்தமா வரும், அதைத் தலைக்கு இவ்வளவுன்னு சமமாப் பிரிச்சுக்குவாங்க. வெட்டறவன் கைவேகம் பாக்க அழகா இருக்கும், வேடிக்கை பாக்கறவங்க அவனைத்தான் பாப்பாங்க. ஆனா எங்க வயலுக்கு வர்ற மேஸ்திரிகிட்ட யார் லீவு போட்டா உங்களுக்குக் கஷ்டம்னு கேட்டா, யோசிக்காமச் சொல்லுவாரு: "கட்டுக் கட்டற ஆளு." கட்டு தளர்ந்திருந்தா பலகையில ஏறும்போது அவிழும், லாரி லோடு சரியும், அன்னிக்கு வேலையே நின்னு போகும். டன் கணக்குல கட்டுக்குன்னு தனி எடை கிடையாது.

ரெண்டாவது நாள் நானே போன் பண்ணேன். அதுக்குள்ள பாப்பாவுக்கு வேற ஒரு குழப்பம் வந்திருந்துச்சு.

"ரூம்ல ரெண்டு பேரு 11-க்கு எழுதப் போறாங்க பெரியப்பா. ஏன்னு கேட்டா, பாவம்டி, மலையில இருந்து வந்திருக்கா, பணம் கட்ட கஷ்டம்னு சொல்றாங்க. எனக்கு அது பிடிக்கல. அவளுக்குத் தெரிஞ்சா ஷீல்டை வாங்கவே மாட்டா."

பாப்பா இதைச் சொன்னப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. மலைக்காரங்கன்னாலே நம்ம சமவெளிக்காரங்களுக்கு ரெண்டு பேச்சுத்தான் வரும். ஒண்ணு பாவம்னு சொல்லுவோம், இல்லன்னா மலை ஏறி ஏறிக் காலு பலம்னு சொல்லுவோம். அந்தப் பொண்ணு தெனம் சாயந்திரம் எல்லாரும் போன பின்னாடியும் நின்னு, எந்தக் கோணத்துல நின்னா பவுல் ஆகாதுன்னு கோச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகினதை ரெண்டு பேச்சுமே மறைச்சிரும். அது அறிவு போட்டுக் கத்துக்கிட்ட வேலை. அதுக்குத்தான் மதிப்புப் போடணும்.

நான் சொன்னது இவ்வளவுதான்: "பணம் யாருக்கு வேணும்னு பாத்து எழுதாத. நம்ம வீட்டுக்கும் வேணும், அவங்க வீட்டுக்கும் வேணும், அதை வச்சு முடிவு வராது. அதிக பாயிண்ட் யாருன்னும் பாக்காத, அது ஷீட்லயே இருக்கு, அதுக்கு உங்க 12 பேர் ஓட்டு எதுக்கு? ஷீட்ல எழுத முடியாதது எதுவோ, அதைச் சொல்லத்தான் உங்ககிட்ட சீட்டைக் குடுக்கறாங்க. அந்த ரெண்டு மேட்சுல உனக்கு நிக்க இடம் கிடைக்கலன்னு சொன்னியே, அது உனக்கு மட்டும் தெரிஞ்ச சேதி. உன்னை விட்டா அதைச் சாட்சி சொல்ல வேற ஆள் இல்ல. கேப்டன் பேரை எழுதறதுன்னா கேப்டனுக்காக எழுது, கணக்குக்காக எழுதாத."

கொஞ்ச நேரம் சத்தம் இல்ல. அப்புறம், "நான் போடலன்னா அவ ஸ்கிரீன் நின்னு என்ன பிரயோசனம் பெரியப்பா? பந்து கூடையில விழணும்ல?"ன்னு கேட்டுச்சு.

கேள்வி நியாயம்தான். கட்டறதுக்கு ஆள் இருந்து வெட்டறதுக்கு ஆள் இல்லன்னா கட்ட என்ன இருக்கும்? ரஸ்ஸலுக்குப் பக்கத்துலயும் பாயிண்ட் போடற நல்ல ஆளுங்க இருந்தாங்க. பாயிண்ட் போடறது சாதாரண வேலைன்னு நான் சொல்ல வரல. அந்த வேலைக்குக் கைதட்டு உடனே கிடைக்குது, மறுநாள் பேப்பர்ல பேரு வருது, அதிக பாயிண்ட்டுக்குன்னு போட்டிக்குப் போட்டி தனி மெடலே இருக்கு. பாப்பா அலமாரியில அப்படி மூணு மெடல் தொங்குது. ஒரே கதிரை ரெண்டு தடவை அளந்தா நெல்லு கூடிடாது. இதையே பாப்பாகிட்டச் சொன்னேன். "சரி பெரியப்பா"ன்னு வச்சிருச்சு. யாருக்கு எழுதப்போறேன்னு சொல்லல, நானும் கேக்கல.

கோச் வாசிச்சது 11-ம் நம்பர் பேரைத்தான்.

அந்தப் பொண்ணுக்கு முதல்ல நம்பிக்கை வரலையாம். பேரை ரெண்டாவது தடவை வாசிச்ச பின்னாடிதான் எழுந்துச்சாம். எத்தனை ஓட்டுன்னு யாருக்கும் தெரியாது. பாப்பா ஓட்டு இல்லாமயே வந்திருக்கலாம், பாப்பா ஓட்டாலயும் வந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்த அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது பாப்பாவே சொல்லிருச்சு, நான் அவளுக்குத்தான் எழுதுனேன்னு. தம்பி சம்சாரத்துக்குக் கோபம் வந்துருச்சு. "ஊருக்கெல்லாம் நியாயம் சொல்லிட்டு வா. ஜூன் மாசம் ஹாஸ்டல்காரங்க நியாயத்தையா வாங்கிக்குவாங்க?"ன்னு தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு. அது கேட்டதுலயும் தப்பில்ல. வீட்டுல செலவுக் கணக்கு அது கையிலதான் இருக்கு. புழு விழுந்த சோளத்துக்கு எவ்வளவு வந்துச்சுன்னு எங்களை விட அதுக்கு நல்லாத் தெரியும்.

தம்பி சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவிட்டு வந்துதான் பேசினான். "அந்தப் புள்ள கார்னர்ல நிக்கிற ஆளா?"ன்னு கேட்டான்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்பா."

"சரி"ன்னுட்டு மோட்டார் போடப் போயிட்டான். நாலு நாள் கழிச்சு, பாலுக்கு ஆகும்னு வளத்த கிடாரியை வித்துடலாம்னு அவனே சொன்னான். ஜூன் மாசப் பணம் அதுல இருந்துதான். தம்பி சம்சாரம் இன்னும் என்கிட்ட முழுசாப் பேசல. காபி மட்டும் வருது.

சென்னையில, பெங்களூருல வேலை பாக்குறவங்க நிறைய பேர் இதைப் படிக்கிறீங்க. உங்க ஆபீஸ்லயும் வருஷக் கடைசியில இந்த மாதிரி ஒண்ணு நடக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். கணக்குல ஏறுற வேலை பண்ணவங்க பேரு தானா மேல வந்துரும். கட்டுக் கட்டற ஆள் பேரு யாராவது பக்கத்துல நின்னு பாத்தவங்க சொன்னாத்தான் வரும். சொல்றவங்களுக்கு அதுல ஒரு கிடாரி நஷ்டமும் இருக்கலாம்.

கோச் இப்ப ஒரு ஏற்பாடு பண்ணியிருக்காராம். அடுத்த சீசன்ல இருந்து பெஞ்சுல உக்காந்திருக்கிற பொண்ணு கையில 40 பக்க நோட்டு ஒண்ணு இருக்கும். ஒவ்வொரு தடவை ஆள் மாத்தும்போதும் அப்ப ஸ்கோர் என்னன்னு எழுதணும். யார் உள்ள இருந்தப்ப டீம் எத்தனை பாயிண்ட் முன்னுக்கு வந்துச்சு, யார் வெளியே உக்காந்தப்ப எத்தனை பின்னுக்குப் போச்சுன்னு கடைசியில கூட்டிக் கழிச்சுப் பாக்கலாம். பெரிய லீக்ல இதைப் பிளஸ் மைனஸ்னு சொல்றாங்க. ஒரே மேட்சை வச்சுப் பாத்தா ஏமாத்திடும், ஒரு சீசன் முழுக்க எழுதினா ஓரளவு உண்மை தெரியும்.

நோட்டுக்குக் கோடு போட்டு, நம்பர் எழுதி, அட்டை ஒட்டிக் குடுத்தது பாப்பாதான். போன வாரம் திண்ணையில உக்காந்து அந்த வேலையைப் பண்ணிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல 11-ம் நம்பர் பொண்ணும் இருந்துச்சு. மலைக்குப் போற வழியில எங்க வீட்டுல இறங்கி, ஒரு பை நிறைய சாமை குடுத்துட்டுப் போச்சு. தம்பி சம்சாரம் அதுக்குச் சோறு போட்டு, கூடவே அரைக் கிலோ வெல்லமும் கட்டிக் குடுத்துச்சு.

அடுத்த வாரம் கண்டிப்பாக் குச்சிக்கிழங்கு.